பாக்கி கேட்கும் மெசேஜ், கொலு தீம்: ஏஐயிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி (பிளாக்_சி_செயலாளர்):
அபார்ட்மென்ட் சங்க வேலைக்கு சாட்ஜிபிடி, ஜெமினி பயன்படுத்துகிறவர்களிடம் இரண்டு சந்தேகம். மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவருக்குக் கனிவாக ஒரு மெசேஜ் கேட்டால், 'இந்த மடல் உங்களை நலமுடன் கண்டடையும் என நம்புகிறேன்' என்று ஆரம்பிக்கிறது. கொலுவுக்கு தீம் கேட்டால் பசுமை, பாரம்பரியம், நீர் சேமிப்பு. எப்போது கேட்டாலும் இதே மூன்று. கேட்கிற விதத்தில்தான் தப்பா?

கணக்குப்பிள்ளை:
'கனிவாக' என்று மட்டும் சொன்னால் ஆங்கிலக் கடித அச்சை எடுத்துத் தமிழாக்கிவிடும். யார், யாருக்கு, எதில் அனுப்புகிறீர்கள், எத்தனை வரி என்று சொல்லுங்கள். முன்பு நீங்களே எழுதிய நல்ல மெசேஜ் ஒன்றையும் ஒட்டுங்கள். பக்கம் பக்கமாக விளக்குவதைவிட அது வேலை செய்யும். பெயர், ஃபிளாட் எண் வேண்டாம். தொகைக்கும் தேதிக்கும் கோடு விடச் சொல்லி நீங்களே நிரப்புங்கள். இப்படி வந்தால் போதும்:

'சார் வணக்கம். ஜூலை முதல் மூன்று மாத மெயின்டனன்ஸ் ரூ.____ கணக்கில் வரவில்லை. கட்டியிருந்தால் ரசீதை அனுப்புங்க, சரி செய்துவிடுகிறேன். இல்லையென்றால் ____ தேதிக்குள் முடியுமா?'

இதில் கனிவு 'கட்டியிருந்தால்' என்பதில் இருக்கிறது. ஏஐ மூன்று 'தயவுசெய்து' போடும்; அது கெஞ்சல். இரண்டை வெட்டுங்கள்.

சிவப்புமை:
என்னைக் கேட்டால் எழுதச் சொல்லவே வேண்டாம், படிக்கச் சொல்லுங்கள். கோபத்தில் அடித்ததை அப்படியே ஒட்டி, 'வாங்குகிறவருக்கு எந்த வரி சுடும், ஏன்?' என்று கேட்டு, அந்த வரியை மட்டும் உங்கள் வார்த்தையில் மாற்றுங்கள். காரணம் உண்டு. 2023இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஆய்வில், ஏஐ பரிந்துரைத்த பதில்கள் உரையாடலை இதமாக்கின. ஆனால் எதிரில் பேசுகிறவர் ஏஐயைப் பயன்படுத்துகிறார் என்று சந்தேகப்பட்டவர்கள் அவரைக் குறைவாகவே மதித்தார்கள்.

'நல்லா இருக்கா?' என்றும் கேட்காதீர்கள், ஆமாம் போடும். அளவுக்கு மீறித் துதி பாடியதால் 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடியின் ஒரு அப்டேட்டையே திரும்பப் பெற்றது. 'பாக்கிக்காரராக இருந்து இதற்குக் கோபமாகப் பதில் எழுது' என்று கேளுங்கள்.

ஏழாம்படி:
கொலுவுக்கு வருகிறேன். அதிகம் புழங்கியதைத்தான் அது முதலில் எடுத்து நீட்டும். 20 கேட்டு முதல் ஏழைத் தூக்கிப் போடுங்கள். இன்னும் நல்லது, கையைக் கட்டிவிடுவது: 'ஐந்து படி, ஒரு மரப்பாச்சி ஜோடி, ஒரு செட்டியார் கடை, ஒரு கல்யாண செட், புதிதாக எதுவும் வாங்கக் கூடாது.' அப்போதுதான் செட்டியார் கடைப் பக்கத்தில் உங்கள் தெரு இஸ்திரி வண்டி வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் புது சாட் திறங்கள். பழையதில் கேட்டால் முந்தைய யோசனையையே பிடித்துத் தொங்கும். அதற்கும் முன்னால் உங்களுக்குத் தோன்றிய ஐந்தைக் காகிதத்தில் எழுதிவிடுங்கள், அதன் பட்டியலைப் பார்த்தபின் சொந்தமாகத் தோன்றாது.

எந்தப் படியில் எதை வைப்பது என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். அது ஒன்றை அடித்துச் சொல்லும், சங்கத்து மாமிகள் உங்களைப் பிடித்துக்கொள்வார்கள்.