செட்டாப் பாக்ஸிலிருந்து லேப்டாப்பில் ரெக்கார்ட் செய்தால் ஆடியோவில் ஓயாத இரைச்சல் – உதவி தேவை

கூடல்நகர்:
கேபிள் செட்டாப் பாக்ஸின் 3.5 மி.மீ. ஏவி ஜாக்கிலிருந்து மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயர், அங்கிருந்து யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக், பிறகு லேப்டாப். விண்டோஸ் 10, ரெக்கார்ட் செய்ய ஓபிஎஸ் மென்பொருள். படம் சரியாக வருகிறது. ஆடியோவில் மட்டும் எந்நேரமும் "ஊம்ம்" என்று கேட்கிறது. செய்திச் சேனலில் கீழே வெள்ளை எழுத்து ஓடினால் கூடவே "ர்ர்ர்" என்று ஒரு கரகரப்பு. அதே பாக்ஸ் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் போகிறது, அங்கே சுத்தமாக இருக்கிறது. நாய்ஸ் ஃபில்டர் போட்டால் பேசுபவர் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

ஈயக்கம்பி:
முதலில் ஃபில்டரை எடுத்துவிடுங்கள், அது இருக்கும்வரை எதையும் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் போலத் தெரிகிறது. மூன்று சோதனை, ஒவ்வொன்றையும் அரை நிமிடம் ரெக்கார்ட் செய்யுங்கள்:

1. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள்.
2. சார்ஜரை மாட்டிவிட்டு, பாக்ஸின் பின்னால் உள்ள கேபிள் ஒயரின் திருகு கனெக்டரைக் கழற்றுங்கள். சேனல் நின்றுவிடும், பரவாயில்லை. ஊம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.
3. எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, கேப்சர் ஸ்டிக்கில் மஞ்சள் பின்னை மட்டும் பிடுங்குங்கள்.

ஒவ்வொரு பதிவிலிருந்தும் ஆடியோவை ஆடாசிட்டியில் (ஒலியைத் திருத்தும் மென்பொருள்) திறந்து ஸ்பெக்ட்ரம் வரைபடம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டுவது) போடுங்கள். சைஸ் 16384 வையுங்கள். மிகக் குறைவாக வைத்தால் 50 ஹெர்ட்ஸும் 100 ஹெர்ட்ஸும் ஒரே மேடாகத் தெரியும்.

கூடல்நகர்:
பார்த்துவிட்டேன் சார். முதல் சோதனையில் ஊம் போய்விட்டது, கரகரப்பு அப்படியே இருக்கிறது. இரண்டாவதிலும் ஊம் இல்லை. மூன்றாவதில் கரகரப்பு போய்விட்டது, ஊம் இருக்கிறது. ஸ்பெக்ட்ரத்தில் 50, 100, 150-இல் முள் மாதிரி நிற்கிறது.

ஈயக்கம்பி:
சந்தேகமே இல்லை. ஊம் என்பது எர்த் லூப், அதாவது இரண்டு எர்த்துகளுக்கு நடுவே மூடிக்கொண்ட ஒரு சுற்று. கேபிள்காரர் ஒயரின் ஷீல்டு (உள் கம்பியைச் சுற்றிய உலோகப் பின்னல்) வெளியே எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. உங்கள் 3 பின் சார்ஜர் வீட்டு எர்த்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசம் ஏவி ஒயரின் கிரவுண்ட் (கரண்ட் திரும்பும் பொது இழை) வழியாகப் பாய்கிறது. டிவிக்குப் போவது டிஜிட்டல் ஆடியோ, அதனால் அங்கே கேட்காது.

கேபிள் ஒயர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கோஆக்ஸ் கால்வானிக் ஐசொலேட்டர் போடுங்கள். உள் கம்பி, ஷீல்டு இரண்டையும் கெப்பாசிட்டர் வழியாகப் பிரிப்பதாக இருக்க வேண்டும், 862 மெகாஹெர்ட்ஸ் வரையாவது கடத்த வேண்டும்.

கரகரப்பு வேறு. அந்த 3.5 மி.மீ. ஜாக்கில் ஆடியோ இரண்டும் வீடியோவும் ஒரே கிரவுண்டைப் பகிர்ந்துகொள்கின்றன. வீடியோ 75 ஓம் லோடில் 1 வோல்ட், அதாவது சுமார் 13 மில்லி ஆம்பியர். மலிவு ஒயரில் கிரவுண்ட் இழை அரை ஓம் இருந்தாலே 6, 7 மில்லிவோல்ட் ஆடியோவில் ஏறிவிடும். வெள்ளை எழுத்து வந்தால் கரண்ட் கூடும், சத்தமும் கூடும். மஞ்சளைப் பிடுங்கியதும் நின்றது அதனால்தான். பாக்ஸில் தனித்தனி ஆர்சிஏ சாக்கெட் (மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின்கள் செருகுவது) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால், ஜாக்கிலிருந்து ஒரு சாண் நீளத்தில் மூன்று பெண் ஆர்சிஏவாகப் பிரியும் ஒயர் வாங்கி, அங்கிருந்து ஸ்டிக் வரை ஷீல்டு உள்ள மூன்று தனி ஒயர்கள் போடுங்கள். ஜாக்கின் எந்த வளையத்தில் வீடியோ, எதில் ஆடியோ என்பது பாக்ஸுக்குப் பாக்ஸ் மாறும்; படத்துக்குப் பதில் பெரிய உறுமல் வந்தால் நிறத்தை மாற்றிச் செருகிப் பாருங்கள். கிரவுண்ட் இருக்கும் வளையமே வேறாக இருந்தால் அந்த ஒயர் உதவாது.

கூடல்நகர்:
கார் ஸ்டீரியோவுக்குப் போடும் ஆடியோ ஐசொலேட்டர் ஒன்று கையில் இருக்கிறது. சிவப்பு, வெள்ளையில் அதைப் போட்டால் போதாதா? அல்லது சார்ஜரின் எர்த் பின்னை எடுத்துவிட்டால்?

ஈயக்கம்பி:
உங்கள் இப்போதைய ஒயரில் போதாது. மஞ்சள் வழியாக லூப் மூடியேதான் இருக்கும், கிரவுண்டும் பொதுவாகவே இருக்கும். தனி ஒயர்கள் போட்ட பிறகு என்றால் வேலை செய்யும்.

எர்த் பின்னைத் தொடவே தொடாதீர்கள். எர்த் இல்லாமல் போனால், சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் லேப்டாப் பாடியைச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்கவிடும். கரண்ட் சிறிதுதான், விரலில் சுருசுருவென்று தெரியும். ஆனால் சார்ஜர் பழுதானால் காப்பாற்ற எர்த் இருக்காது.

அலைவரிசை:
எனக்கும் இதே ஊம்தான், ஆனால் டிஷ். அதே கோஆக்ஸ் ஐசொலேட்டர் எனக்கும் ஆகுமா?

ஈயக்கம்பி:
ஆகாது. டிஷ் தலையில் உள்ள எல்என்பிக்கு (சிக்னலைப் பிடிக்கும் கருவி) பாக்ஸ்தான் அதே ஒயரில் 13 அல்லது 18 வோல்ட் டிசி அனுப்புகிறது. ஐசொலேட்டர் அதைத் தடுத்துவிடும், சிக்னலே வராது. உங்களுக்குத் தனி ஆர்சிஏ ஒயர் + ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் (மேலே கேட்ட ஆடியோ ஐசொலேட்டர் போன்றது) தான் வழி. அல்லது ரெக்கார்ட் செய்யும் நேரம் மட்டும் பேட்டரி. மலிவு யுஎஸ்பி ஐசொலேட்டர் வாங்கி ஏமாறாதீர்கள்: பெரும்பாலானவை விநாடிக்கு 12 மெகாபிட்தான், வீடியோ கேப்சருக்கு 480 வேண்டும்.

கூடல்நகர்:
ஐசொலேட்டரும் புது ஒயரும் போட்டாச்சு. ஊம், கரகரப்பு இரண்டும் இல்லை. லேசாக "ஸ்ஸ்" மட்டும் இருக்கிறது, உரத்த விளம்பரத்தில் குரல் கிழிகிறது.

ஈயக்கம்பி:
அது லெவல் சமாச்சாரம். பாக்ஸ் வால்யூமைக் குறைத்து லேப்டாப்பில் ஏற்றினால் ஸ்ஸ் வரும், இரண்டையும் ஏற்றினால் கிழியும். பாக்ஸை முக்கால்வாசிக்கு மேல் வைத்து, ஓபிஎஸ் மீட்டரில் உச்சம் -12 முதல் -6 டெசிபெல்லுக்குள் நிற்கும்படி கேப்சர் பக்கம் குறையுங்கள். மீட்டர் -6-ஐத் தாண்டாமலே அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டால், ஸ்டிக்கின் உள்ளீட்டிலேயே கிழிகிறது. அப்போது பாக்ஸ் வால்யூமைத்தான் குறைக்க வேண்டும். விண்டோஸ் சவுண்ட் அமைப்பிலும் ஓபிஎஸ்ஸிலும் சாம்பிள் ரேட் ஒன்றாக 48000 ஹெர்ட்ஸ் இருக்கட்டும், என்ஹான்ஸ்மென்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இதற்குப் பிறகும் ஸ்ஸ் மிச்சம் இருந்தால், ஆடாசிட்டியில் 6 டெசிபெல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போடலாம். 12-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீர்க் குரல் திரும்ப வந்துவிடும்.