ஹோம்ஸ்டே போட்டோ ஷூட்: வாட்ஸ்அப் போதுமா, அக்ரிமென்ட் வேணுமா?

மூடுபனி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹோம்ஸ்டேக்கு நான் போட்டோ எடுக்கப் போறேன். 6 ரூம், 40 போட்டோ, 24,000 ரூபாய். வெப்சைட்டுக்கு எழுதியும் தரணும். ஓனர் "பேசினதே போதும், பத்திரம் எதுக்கு"ங்கறார். என்ன செய்யலாம்?

குன்னூர்வாசி: போதும் தம்பி. 1872 ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். 4 பக்கத்தை நீட்டினா அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டாங்க. 24,000-க்கு யார் கோர்ட் படி ஏறுறது? பாதி அட்வான்ஸ், வாட்டர்மார்க் போட்ட பிரிவியூ, மீதி வந்ததும் ஒரிஜினல். அவ்ளோதான்.

ஷட்டர்: அண்ணே, கோர்ட்டை விடுங்க. படம் யாருக்குச் சொந்தம்? 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவுல, ஒருத்தர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற மாதிரி பேசிக்கலைன்னா, அவர்தான் முதல் உரிமையாளர். எழுத்து வேலை நேர்மாறு, ஃப்ரீலான்ஸரா எழுதினவருக்கே சொந்தம். ஓனருக்கு மாத்தணும்னா கையெழுத்தோட எழுத்துல வேணும். அதுலயும் காலம் குறிக்கலைன்னா 5 வருஷம், எல்லை குறிக்கலைன்னா இந்தியா மட்டும். பத்திரம் எதுக்குன்னு கேட்கிற ஓனருக்குத்தான் பத்திரம் அவசரம்.

குன்னூர்வாசி: அது சரி. ஆனா எழுதினா எல்லாம் லாபம்னு நினைக்காதீங்க. உங்களுக்கு உத்யம் பதிவு (சிறுதொழில்னு அரசுல பண்ற பதிவு) இருந்தா, 2006 சிறுதொழில் சட்டப்படி, தேதி எதுவும் பேசிக்காதப்போ வேலையை ஏத்துக்கிட்டு 15 நாள்ல காசு வரணும். எழுத்துல ஒத்துக்கிட்டா 45 வரைக்கும் போகலாம். நெட்ல எடுத்த டெம்ப்ளேட்ல "45 நாள்"னு இருக்கறதைப் படிக்காம கையெழுத்துப் போட்டா 30 நாள் போச்சு.

ஷட்டர்: 7-னு எழுதுங்களேன்! தாண்டினா ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதத்துக்கு 3 மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. அது எழுதாமலே உண்டு.

தேயிலைத்தூள்: ரெண்டு பேரும் பனியை மறந்துட்டீங்க. "காலை 10 மணிக்குள்ள பனி விலகலைன்னா அரைநாள் கூலி, ஷூட் இன்னொரு நாள், அதிகபட்சம் 2 தடவை"ன்னு ஒரு வரி போடுங்க. மேட்டுப்பாளையம் ரோட்ல மண் சரிஞ்சு நின்னா அந்த நாள் யார் கணக்கு? வெளியூர் அசிஸ்டென்ட் வண்டிக்கு நீலகிரி இ-பாஸ் யார் எடுக்கறது? அப்புறம் 40 போட்டோன்னா எடுத்ததா, எடிட் பண்ணித் தர்றதா? சண்டை பெரும்பாலும் அங்கதான் ஆரம்பிக்குது. ரீடச் 2 ரவுண்ட், அதுக்கு மேல படத்துக்கு 150.

குன்னூர்வாசி: இதையே ஒரே மெசேஜா அனுப்பி "ஓகே" வாங்கிட்டா?

ஷட்டர்: ஒப்பந்தம்தான், மறுக்கலை. ஆனா வாட்ஸ்அப் சாட்டோ மெயிலோ, கோர்ட்ல சாட்சியா வைக்க 2023 சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்கும். போன்ல பேசினது சாட்ல ஏறவே ஏறாது. அதனால எல்லாத்தையும் சேர்த்து ஒரு பக்க பிடிஎஃப், மெயில்ல "சம்மதம்"னு பதில். எழுத்தோட உரிமைக்கு மட்டும் தனியா கையெழுத்து.

குன்னூர்வாசி: ஒரு பக்கம்னா சரி. ஸ்டாம்ப் பேப்பரை மட்டும் நீட்டிடாதீங்க.