நவீன கவிதையில் தாயகம் திரும்புபவர் ஏன் அந்நியராகிறார்?

கேள்வி:
பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியத்தில் இருபது ஆண்டுகள் கழித்து மாறுவேடத்தில் வீடு வந்து சேரும் ஒடிசியூஸை அவனுடைய முதிய நாய் உடனே அறிந்துகொள்கிறது. இருபதாம் நூற்றாண்டுக் கவிதைகளில் ஊர் திரும்புபவரை அவ்வாறு அறிந்துகொள்ள எவரும் இருப்பதில்லை. இந்த அந்நியத்தன்மையை ஏக்கம் என்ற ஒன்றைக் கொண்டே விளக்கிவிட இயலுமா?

மறுமொழி 1:
இயலாது என்றே கருதுகிறேன். போலந்து மொழிக் கவிஞர் செஸ்லா மிலோஷ், அரை நூற்றாண்டுக்கும் மேலான பிரிவுக்குப் பின் 1992இல், தாம் பிறந்த லித்துவேனியச் சிற்றூருக்குச் சென்றார். பிறந்த வீடு அங்கே இல்லை. ஆயினும் அப்பயணத்தை ஒட்டி அவர் எழுதிய ஒரு சிறு கவிதையில், ஆற்றங்கரைப் புல்வெளி ஒன்றைக் கண்டு, தன் வாழ்நாள் முழுதும் தேடியது இதுவே என உணர்ந்து மகிழ்ச்சியில் கண்ணீர் வடிக்கிறார். மனிதர்களும் கட்டடங்களும் மறைந்த இடத்தில் புல்லும் பூவும் அவரை ஏற்றுக்கொள்கின்றன. இந்த மகிழ்ச்சியை ஏக்கத்தின் கணக்கில் சேர்ப்பது அக்கவிதைக்கு இழைக்கும் அநீதி.

மறுமொழி 2:
மிலோஷுக்குத் திரும்பிச் செல்லும் வழியேனும் திறந்தது. பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷின் நிலை வேறு. 1948இல் அவருடைய குடும்பம் அல்-பிர்வா என்ற பாலஸ்தீனக் கிராமத்தைவிட்டு லெபனானுக்குத் தப்பிச் சென்றது. பின்னர் எல்லை கடந்து திரும்பியபோது கிராமம் அழிக்கப்பட்டிருந்தது. சொந்த மண்ணில் வாழ்ந்தபோதே இஸ்ரேலியச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் ‘இல்லாதவர்கள்’ ஆயினர். ஆகவே அங்கே அந்நியத்தன்மை மனநிலையன்று. அரசு திணித்த நிலை. 1995இல் வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுப்பில், குதிரையை ஏன் தனியே விட்டுவந்தீர்கள் என்று கேட்கும் சிறுவனிடம், வீட்டுக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான், குடியிருப்போர் நீங்கினால் வீடுகள் இறந்துவிடும் என்கிறார் தந்தை. திரும்பிவரும் எண்ணம் புறப்படும்போதே அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. நான் வாசித்தவற்றுள் இதைவிடச் செறிவான இடம் வேறில்லை.

மறுமொழி 3:
பிரெஞ்சு மொழிக் கவிஞர் எமே செசேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1939இல் முதலில் வெளியான அவருடைய நெடுங்கவிதை, அவர் பிறந்த கரீபியத் தீவான மார்த்தினிக்குக்குத் திரும்புவதைப் பற்றியது. அதில் இழந்த சொர்க்கம் எதுவும் இல்லை. கண்ணில் படுவது வறுமையும் அடிமை வணிகத்தின் தழும்பும்தான். அவற்றை வெறுத்து விலகாமல், அந்த மக்களைத் தம்மவராக ஏற்க அக்கவிதை தன்னைத்தானே வற்புறுத்திக்கொள்கிறது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. திரும்பிச் செல்ல முடிந்தவர்களையும் தடுக்கப்பட்டவர்களையும் ஒரே தலைப்பின்கீழ் வைக்க எண்ணியிருந்தேன். இனி அவர்களைத் தனித்தனியே எழுதுவேன், செசேரிலிருந்து தொடங்கி.