மறு: நாற்சக்கர இயக்கம் – ஒரு சொல் போதாது

அன்புடையீர், வணக்கம்.

எஞ்சினின் விசையை வண்டியின் எல்லாச் சக்கரங்களுக்கும் செலுத்தும் அமைப்புக்கு (ஆங்கிலத்தில் ஃபோர் வீல் டிரைவ், ஆல் வீல் டிரைவ்) நம் கலைச்சொல் பட்டியலில் என்ன சொல் வைக்கலாம் என்ற இவ்விழை, 'நாற்சக்கர இயக்கம்', 'அனைத்துச்சக்கர இயக்கம்', 'முழுச்சக்கர இயக்கம்' ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் ஆளலாம் என்ற முடிவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரில் இருந்துகொண்டு, டர்போ டீசல் எஞ்சினும் எல்லாச் சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பும் உள்ள கார் ஒன்றை ஓட்டிவருபவன் என்ற முறையில் என்னால் இதற்கு உடன்பட இயலவில்லை. இங்கே இருப்பவை இரண்டு வெவ்வேறு பொறியமைப்புகள். ஒன்றை மற்றதாக எண்ணி ஓட்டினால் வண்டி கெடும். ஆகவே இரண்டு சொற்கள் தேவை. 'பூட்டியக்கம்', 'பகிர்வியக்கம்' என்ற இணையை முன்வைக்கிறேன்.

'நாற்சக்கர' என்ற அடையில் உள்ள சிக்கல் எளிது. தமிழில் நான்கு சக்கர வாகனம் என்றால் கார். இராமேசுவரத்து வாகன நிறுத்தக் கட்டணப் பலகையில்கூட அந்தப் பொருள்தான். 'நாற்சக்கர இயக்க வாகனம்' என்று கையேட்டில் எழுதினால், வாசகர் அதைக் கார் என்று படித்துவிட்டுக் கடந்துவிடுவார். ஆறு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் படைத்துறை லாரிகளை இச்சொல்லுக்குள் அடக்கவும் முடியாது. 'அனைத்துச்சக்கர' என்பது இந்த இரண்டு குறைகளிலிருந்தும் தப்பிவிடுகிறது; ஆனால் இன்றைய கார்கள் பலவற்றில் வழக்கமான ஓட்டத்தின்போது முன்சக்கரங்கள் மட்டுமே வண்டியை இழுக்கின்றன, பின்சக்கரங்கள் சும்மா உருண்டு வருகின்றன என்பதால், பெரும்பாலான நேரத்துக்கு அச்சொல் பொய்யாகிவிடுகிறது. சக்கரங்களை எண்ணிச் சொல்வதை விட்டுவிட்டு, விசை அவற்றைச் சென்றடையும் முறையைச் சொல்வதே இங்கே பொருத்தமாக இருக்கும்.

அம்முறையைச் சற்று விரித்துப் பார்ப்போம். ஒரு வண்டி வளைவில் திரும்பும்போது நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு வட்டங்களில் செல்கின்றன. முன்சக்கரங்களின் பாதை பின்சக்கரங்களின் பாதையைவிட நீளமானது. மகிந்திரா தார் போன்ற வண்டிகளில் ஓட்டுநர் நெம்புகோலைத் தள்ளியதும், முன்னச்சுக்குச் செல்லும் தண்டும் பின்னச்சுக்குச் செல்லும் தண்டும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து, ஒரே வேகத்தில்தான் சுழன்றாக வேண்டும் என்ற நிலை வந்துவிடுகிறது. மணலிலும் சேற்றிலும் சக்கரங்கள் சிறிது வழுக்குவதால் அந்த வேறுபாடு அங்கேயே கரைந்துபோகும். காய்ந்த தார்ச்சாலையில் அது கரைய இடமில்லை. அச்சுகளிலும், விசையை இரண்டு அச்சுகளுக்கும் அனுப்பும் இடைப்பெட்டியிலும் முறுக்கம் ஏறிக்கொண்டே போய், ஸ்டீயரிங் கனத்து, டயர் தேய்ந்து, கடைசியில் பற்சக்கரங்கள் அடிவாங்கும். இதுதான் நான் சொல்லும் பூட்டியக்கம். மற்ற வகையான பகிர்வியக்கத்தில் இந்தப் பிணைப்பு இல்லை. சில வண்டிகளில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி ஒன்று எப்போதும் இருந்து, வேக வேறுபாட்டை ஏற்றுக்கொண்டே இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கிறது. 1980இல் வந்த ஆடி நிறுவனத்தின் குவாட்ரோ கார் இவ்வகையைச் சாலைக் கார்களில் பெயர்பெறச் செய்தது. வேறு சிலவற்றில் எண்ணெயில் மூழ்கிய பல தகட்டுக் கிளட்ச் ஒன்று இருக்கிறது. முன்சக்கரம் வழுக்குவதை உணரிகள் கண்டதும் கணினி அந்தத் தகடுகளை நெருக்கி, பின்னச்சுக்கு வேண்டிய அளவு விசையை அனுப்புகிறது. ஓட்டுநர் எதையும் தொட வேண்டியதில்லை.

இந்த வேறுபாடு எங்கள் பகுதியில் நாள்தோறும் கண்ணில் படுவது. 2017இல் தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் வரை, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சென்ற ஜீப்புகளுக்கு மணலும் உவர்நீர்த் தேக்கமும்தான் பாதை. நெம்புகோலைத் தள்ளிவிட்டு இறங்கினால், திரும்பி வந்து மேட்டில் ஏறும் வரை அதைத் தொட வேண்டிய தேவை இருக்காது. பூட்டியக்கத்துக்கென்றே அமைந்த வழி அது. இப்போதுள்ள சாலையின் நிலை வேறு. காற்று வலுக்கும் மாதங்களில் அங்கங்கே மணல் சாலையை மூடிவிடுவதால், கொஞ்சம் தார், கொஞ்சம் மணல், மீண்டும் தார் என்று மாறிமாறி வரும். இங்கே பூட்டியக்க வண்டிக்காரர் ஒவ்வொரு மணல் திட்டுக்கும் போட்டு எடுக்க வேண்டும், அல்லது போட்டதை மறந்துவிட்டுத் தாரில் முறுக்கத்தோடு ஓட வேண்டும். பகிர்வியக்கம் இதற்குத் தானாகவே ஈடுகொடுக்கும். ஆனால் அதே பகிர்வியக்க வண்டியைச் சேதுக்கரையிலோ வாலிநோக்கத்திலோ நீண்ட மென்மணலில் தொடர்ந்து உழவிட்டால், கிளட்ச் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளப் பின்னச்சைக் கைவிட்டுவிடும். முன்சக்கரங்கள் மட்டும் குழிபறிக்க, வண்டி வயிறு தட்டி நின்றுவிடும். இழுத்தெடுக்க, வள்ளம் இழுக்கும் டிராக்டரைத்தான் தேடிப் போக வேண்டும். (மணலில் ஓட்ட முடியும் என்பதற்காகக் கரையில் இறக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆண்டின் தொடக்க மாதங்களில் இக்கரைக்குக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. அந்த மணலில் டயர்களுக்கு வேலையில்லை.)

நிறுவனங்கள் ஒட்டும் பெயரையே பின்பற்றினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அந்தப் பெயர்களை நம்ப இயலாது. ஜீப் காம்பஸ் டீசலின் பின்புறத்தில் 'நான்குக்கு நான்கு' என்ற குறி இருக்கிறது. மகிந்திரா தாருக்கும் அதே குறிதான். முன்னது தேவைப்படும்போது மட்டும் பின்னச்சை இணைத்துக்கொள்ளும் பகிர்வியக்கம், பின்னது நெம்புகோலால் போடும் பூட்டியக்கம். காம்பஸைப் போலவே கிளட்ச் வழியாகப் பின்னச்சை இணைத்த பழைய ரெனோ டஸ்டரிலோ வேறு எழுத்துகள் இருந்தன. மூலமொழியிலேயே குழம்பிக் கிடக்கும் பெயரை மொழிபெயர்த்தால் குழப்பமும் கூடவே வரும். ஆகவே பொறியைப் பார்த்துப் பெயரிடுவதுதான் வழி.

இனி 'பூட்டு' ஏன் என்பதற்கு வருகிறேன். இது திறவுகோல் பூட்டு மட்டுமன்று. மாட்டைப் பூட்டுவதும் ஏர் பூட்டுவதும் இந்தச் சொல்தான். நெம்புகோலைத் தள்ளும்போது முன்னச்சு வேலைக்குப் பூட்டப்படுகிறது, பின்னச்சோடு இறுகவும் பூட்டப்படுகிறது. இரண்டு பொருளும் இயந்திரத்தில் உண்மையாகவே நடப்பவை. இதன் எதிர்வினையும் மொழியில் ஆயத்தமாக இருக்கிறது. பூட்டியதை அவிழ்க்கிறோம். தனுஷ்கோடி ஓட்டுநர்கள் 'ஃபோர் வீல் போடு', 'ஃபோர் வீலை எடு' என்கிறார்கள். கையேட்டில் 'மணலில் இறங்குமுன் முன்னச்சைப் பூட்டுக, தார்ச்சாலை ஏறியதும் அவிழ்க்க' என்று எழுதினால், அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. இப்படி வினையாகப் புழங்க முடியாத கலைச்சொல் பட்டியலோடு நின்றுபோகும் என்பது என் நெடுநாள் கருத்து. 'அனைத்துச்சக்கர இயக்கத்தைச் செயலிழக்கச் செய்யவும்' என்று ஒரு பணிமனையில் யார் சொல்வார்கள்?

டிஃபரன்ஷியல் பூட்டோடு இது மோதாதா என்ற தடை நியாயமானது. மோதவில்லை என்பதைவிட, இரண்டும் ஓரினம் என்பேன். அது ஓரச்சின் இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் பூட்டுவது. இது முன்னச்சையும் பின்னச்சையும் பூட்டுவது. முன்னதை 'அச்சுப்பூட்டு' என்று குறித்துவிட்டால் பிரிவு தெளிவாகிவிடும். பகிர்வியக்க வண்டிகள் சிலவற்றில் உள்ள பொத்தானை அழுத்தினால், குறைந்த வேகத்தில் கிளட்ச் இறுகி நிற்குமே, அதையும் 'பூட்டுநிலை' எனலாம். அந்த நேரத்துக்கு வண்டி ஏறத்தாழப் பூட்டியக்கமாகிவிடுவதால் சொல்லும் பொருந்துகிறது.

'பகிர்வியக்கம்' கணினித் துறையினருக்கு வேறொன்றை நினைவூட்டும் என்றும் எழுதியிருந்தார்கள். கோப்புகளை வைக்கும் இடத்தை அவர்கள் 'இயக்ககம்' என்கிறார்கள். ஒரு ககரம் கூடுதலாக இருக்கிறது, இடமும் வேறு. நான் இதைப் பெரிய தடையாகக் கருதவில்லை. மாறாக, இச்சொல்லிலிருந்து வேண்டிய கிளைகளை எளிதில் பெறலாம். நடு டிஃபரன்ஷியலோடு எப்போதும் பகிர்வது 'நிலைப் பகிர்வியக்கம்'; கிளட்ச் வழியாக வேண்டும்போது பகிர்வது 'தேவைப் பகிர்வியக்கம்'; முன்னுக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு என்பது 'பகிர்வு விகிதம்'. பராமரிப்பு அறிவுரைக்கும் சொல் துணைநிற்கிறது. சக்கரங்களின் வேகத்தை ஒப்பிட்டுத்தான் தேவைப் பகிர்வியக்கம் விசையைப் பகிர்கிறது. எனவே இரண்டு டயரை மட்டும் புதிதாக மாற்றினால், சுற்றளவு வேறுபட்டு, வழுக்காத சக்கரத்தை வழுக்குவதாக எண்ணி, கிளட்ச் ஓயாமல் உழைத்துத் தேயக்கூடும். நான்கையும் ஒரே அளவில், ஒத்த தேய்மானத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் கேட்பவரிடம், 'பகிர்வு' என்ற சொல்லைக் கொண்டே விளக்கிவிடலாம்.

டர்போவைப் பொறுத்தவரை, இழையில் வந்த 'சுழலூட்டி' எனக்கு ஏற்பே. ஊட்டி என்றதும் நீலகிரி நினைவுக்கு வருகிறது என்ற கேலியை நாம் தாங்கிக்கொள்ளலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905இல் காப்புரிமை பெற்ற அடிப்படைக் கருத்து இன்றும் மாறவில்லை: வெளியேறும் புகை ஒரு சுழலியைச் சுற்றுகிறது, அதே தண்டில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டுகிறது. எஞ்சினின் சுழற்சியிலிருந்தே நேரடியாக விசை பெறும் வகையையும் சேர்த்துச் சொல்ல 'மிகையூட்டி' என்ற பொதுச்சொல்லை வைத்துக்கொள்ளலாம். பேச்சில் 'டர்போ' நிற்கும். அதை யாரும் விரட்ட வேண்டியதில்லை.

உண்மையில் சொல் தேவைப்படுவது, மிதியை அழுத்தியதற்கும் விசை வருவதற்கும் இடையில் உள்ள தாமதத்துக்குத்தான். அதற்குச் 'சுணக்கம்' என்ற நம் வழக்குச் சொல் அப்படியே பொருந்துகிறது. என் வண்டியில் 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 1750 சுற்றிலிருந்துதான் முழுமையாகக் கிடைக்கிறது. அதற்குக் கீழே மணலில் ஊர்ந்தால், சுணக்கத்தை வலுவின்மை என்று எண்ணிக் கால் மேலும் அழுத்தும். அடுத்த கணம் விசை மொத்தமாக வந்து சக்கரங்களைச் சுழற்றிக் குழிபறித்துவிடும். டயர்களின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 18 பவுண்டு அளவுக்கு இறக்கி, சுற்றுகளைச் சுணக்க எல்லைக்கு மேலேயே வைத்து, நிற்காமல் செல்வதே இங்குள்ள முறை. சாலை ஏறியதும் காற்றை மீண்டும் நிரப்பிவிட வேண்டும்.

இன்னும் ஒரு சொல் மிச்சமிருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிக்கேற்ற டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. ஊருக்குள்ளேயே குறுந்தொலைவு ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிறுத்தாமல் ஓட்டினால், ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் கரி எரிந்து வடிகட்டி தூய்மையாகும். இதற்கு 'மீளுருவாக்கம்' என்று பட்டியலில் இருப்பது, எதுவும் மீண்டும் உருவாகாததால், பொருந்தவில்லை. 'கரிவடிகட்டி', 'கரியெரிப்பு' என்று நேராகச் சொல்லிவிடலாம்.

பட்டியலைத் தொகுப்பவர் பூட்டியக்கத்துக்கு 'ஓட்டுநர் வேண்டும்போது முன்னச்சையும் பின்னச்சையும் இறுகப் பிணைக்கும் இயக்கம். காய்ந்த தார்ச்சாலைக்கு ஆகாது' என்றும், பகிர்வியக்கத்துக்கு 'அச்சுகளின் வேக வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு விசையைத் தானே பகிரும் இயக்கம். எல்லாச் சாலைக்கும் ஆகும்' என்றும் விளக்கவரி சேர்க்க வேண்டுகிறேன். கரியெரிப்புக்கு மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் அதற்கெனத் தனி இழை தொடங்கினால், இங்கே இயக்கச் சொற்கள் இரண்டையும் முடிவுசெய்துவிடலாம்.