அவசர உதவி: குவாரன்டைன் என்ற சொல்லை ஆங்கில வாக்கியத்தில் எப்படி எழுதுவது?

விரைவுத்தபால் (காலை 10.12)
அனைவருக்கும் வணக்கம். ஓர் ஆங்கிலக் கடிதத்தில் குவாரன்டைன் என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ‘தே ஆர் இன் தி குவாரன்டைன் சின்ஸ் டென் டேஸ்’ என்று எழுதி அனுப்பினேன். தவறாக இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது; எது தவறு என்று சொல்லவில்லை. அன்றாட ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை வைத்து நான்கைந்து வாக்கியங்கள் தந்தால் பார்த்து எழுதிக்கொள்வேன். மாலை 4 மணிக்குள் கடிதம் போயாக வேண்டும்.

கரும்பலகை (காலை 10.31)
உங்கள் வாக்கியத்தில் மூன்று இடறல்கள் இருக்கின்றன. மூன்றும் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லோருக்கும் வருபவைதாம். ‘பத்து நாளாக இருக்கிறார்கள்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் கை தானாக ‘ஆர்’ என்று எழுதிவிடுகிறது. ஆங்கிலத்தில் முன்பு தொடங்கி இன்னும் நீடிப்பதற்கு ‘ஹாவ் பீன்’ வேண்டும். ‘சின்ஸ்’ என்பது தொடங்கிய நாளைச் சுட்டும். கழிந்த கால அளவுக்கு ‘ஃபார்’ வர வேண்டும். மூன்றாவதாக, ‘இன் ஜெயில்’, ‘இன் பெட்’ என்பவற்றைப் போல இங்கும் ‘தி’ வராது. ஆகவே ‘தே ஹாவ் பீன் இன் குவாரன்டைன் ஃபார் டென் டேஸ்’ என்று எழுதுங்கள். திங்கள்கிழமை முதல் என்று சொல்ல விரும்பினால் ‘சின்ஸ் மண்டே’ சரி.

திண்ணை (காலை 10.38)
அந்த ‘தே’ யார் என்பதை நீங்கள் சொல்லவே இல்லையே. குடும்பத்தினரா, ஊழியர்களா, விடுதி மாணவர்களா? கடிதம் யாருக்குப் போகிறது, தவறு என்று சொன்னவர் யார்? இவை தெரியாமல் வாக்கியம் தருவது, நோயாளியைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதுவது போல ஆகிவிடும்.

மாடிப்படி (காலை 10.50)
விடுப்புக் கடிதம் என்றே தோன்றுகிறது. 2020இல் எங்கள் அலுவலகத்தில் இப்படி நூறு கடிதங்களையாவது நான் திருத்தியிருப்பேன். இந்தச் சொல்லைப் பெயராகவும் வினையாகவும் எழுதலாம். ‘மை ஃபாதர் கேம் அவுட் ஆஃப் குவாரன்டைன் எஸ்டர்டே’ என்பதில் அது பெயர். ‘ஐ குவாரன்டைன்ட் அட் ஹோம் ஃபார் எ வீக்’ என்பதில் வினை. வினையாக எழுதும்போது ‘ஐ வாஸ் குவாரன்டைன்ட் மைசெல்ஃப்’ என்று பலர் எழுதுவார்கள். தனிமைப்படுத்தப்பட்டேன், தனிமைப்படுத்திக்கொண்டேன் என்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைப்பதால் வரும் பிழை இது. பிறர் வைத்தால் ‘ஐ வாஸ் குவாரன்டைன்ட்’, நாமே இருந்தால் ‘ஐ குவாரன்டைன்ட்’ அல்லது ‘ஐ குவாரன்டைன்ட் மைசெல்ஃப்’. நாள் கணக்கை முன்னால் போட்டால் ‘எ 14-டே குவாரன்டைன்’. அங்கே ‘டேஸ்’ வராது.

சுக்கான் (காலை 11.04)
பத்து நாள் என்று எழுதியதே அடிப்படைத் தவறு என்பது என் கருத்து. இச்சொல் வெனிஸ் நகரத்து மொழியில் நாற்பது நாள் என்பதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கொள்ளைநோய்க் காலத்தில், தொற்று இருக்கக்கூடிய கப்பல்களைத் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தி, நாற்பது நாள் கழிந்த பிறகே ஆட்களைக் கரையேற விட்டார்கள். நாற்பது நாள் இல்லாததை இந்தச் சொல்லால் அழைப்பது பொருந்தாது. உங்களுக்குப் பதில் எழுதியவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் இதைத்தான் தவறு என்று சொல்லியிருப்பார்.

கரும்பலகை (காலை 11.15)
ஐயா, எண்ணெய் என்பது எள்ளின் நெய்; அதற்காகத் தேங்காய் எண்ணெய் என்று சொல்வதை நாம் நிறுத்திவிட்டோமா? 1377இல் ரகூசா நகரம், அதாவது இன்றைய துப்ரோவ்னிக், இப்படி ஓர் ஆணையை முதன்முதலில் பிறப்பித்தபோது விதித்த காலமே முப்பது நாள்தான். நாற்பது பின்னர் வந்தது. 1969இல் நிலவிலிருந்து திரும்பிய அப்போலோ 11 விண்வெளி வீரர்களுக்கு 21 நாள் கணக்கிட்டார்கள். அதற்கும் இதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்.

சொல்லாய்வன் (காலை 11.27)
இந்த இழையை மேலிருந்து படித்து வருகிறேன். அடிப்படையே தெரியாமல் எல்லோரும் வாக்கியம் கட்டிக்கொண்டிருப்பது வருத்தமளிக்கிறது. முதலில் அது குவாரன்டைன் அன்று, குவாரன்டீன். மெஷீன், ரூட்டீன், வேக்சீன் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு சொல்லில் மட்டும் ஏன் நாக்கு புரள்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. எந்த ஆங்கில அகராதியையும் திறந்து பார்க்கலாம். இதே ஐயத்தை நான் முன்பும் இங்கே தீர்த்து வைத்திருக்கிறேன். கேட்பதற்கு முன்பு தேடிப் பார்க்கும் பழக்கத்தைப் புதியவர்கள் வளர்த்துக்கொள்வது நல்லது.

மாடிப்படி (காலை 11.33)
அவர் கேட்டது எழுத்தை. கடிதத்தை யாரும் உரக்கப் படித்துக்காட்டப் போவதில்லை.

திண்ணை (காலை 11.36)
மேலும், ‘வாலன்டைன்’ என்பதில் டைன் வருகிறதே. அதே எழுத்துகளில் முடியும் சொல்லை அதே போல மக்கள் ஒலித்ததில் வியப்பில்லை. ஆங்கிலத்தில் பேசும்போது டீன் என்பதை ஏற்கிறேன். தமிழுக்குள் வந்துவிட்ட சொல்லுக்கு நம் வாய்தான் அளவுகோல். ஜன்னலையும் சாவியையும் அலமாரியையும் போர்த்துக்கீசியரைக் கேட்டுக்கொண்டா சொல்கிறோம்?

சொல்லாய்வன் (காலை 11.49)
ஜன்னல் சில நூற்றாண்டுகள் புழங்கித் தேய்ந்த சொல். இது 2020இல் தொலைக்காட்சியைப் பார்த்துப் பிழையாகக் கற்ற சொல். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது ஆய்வு நெறியாகாது.

மண்டபத்தான் (நண்பகல் 12.05)
2020இல்தான் கற்றோம் என்பதை நான் ஏற்க மாட்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் இந்தச் சொல்லுக்கு வயது அதிகம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களைக் கப்பலேற்றுவதற்கு முன்பு ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் என்ற ஊரில் முகாமிட்டு வைத்து, காலரா, அம்மை போன்றவை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அக்கரைக்கு விட்டார்கள். ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் இன்றும் மண்டபம் கேம்ப் என்றுதான் இருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு என் பங்குக்கு ஒரு வாக்கியம்: ‘தே வேர் ஹெல்ட் இன் குவாரன்டைன் அட் மண்டபம் பிஃபோர் தே கிராஸ்ட் டு சிலோன்.’ இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே வைக்கப்பட்டவர்கள் நோயாளிகள் அல்லர். நோய் இருக்குமோ என்ற ஐயத்தின் பேரில் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள்.

விரைவுத்தபால் (பிற்பகல் 12.40)
அனைவருக்கும் நன்றி. கரும்பலகை ஐயா தந்த வாக்கியத்தை அப்படியே எழுதி அனுப்பினேன். மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. இம்முறை ‘அப்படியானால் எல்லாமே நோயுற்றவையா? முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று கேட்டிருக்கிறார். இலக்கணம் சரியென்றால் பிழை எங்கே இருக்கிறது?

திண்ணை (பிற்பகல் 12.44)
‘நோயுற்றவையா’ என்றா கேட்டார்? அவை என்றால் எவை?

விரைவுத்தபால் (பிற்பகல் 12.52)
மீன்கள். நான் வண்ண மீன் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளிக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையும் நானே பார்க்கிறேன். இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, மன்னிக்கவும்.

மாடிப்படி (பிற்பகல் 12.55)
என் தந்தையையும் என்னையும் உங்கள் தொட்டிக்குள் இறக்கிவிட்டீர்கள். பரவாயில்லை. கடிதத்தில் அந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதை முழுமையாகத் தாருங்கள்.

விரைவுத்தபால் (பிற்பகல் 1.10)
அடுத்தடுத்து இரண்டே வரிகள்தாம். ‘தி நியூ ஃபிஷ் ஆர் ஐசொலேட்டட் இன் டேங்க் டூ.’ அடுத்து, ‘தி ஃபிஷ் வித் ஒயிட் ஸ்பாட் ஆர் இன் டேங்க் த்ரீ, தே ஹாவ் பீன் இன் குவாரன்டைன் ஃபார் டென் டேஸ்.’ ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாமே என்றுதான் இரண்டு சொற்களைப் போட்டேன். அகராதியில் இரண்டுக்கும் தனிமைப்படுத்துதல் என்றே இருந்தது.

கண்ணாடித்தொட்டி (பிற்பகல் 1.26)
சிக்கல் இங்கேதான் இருக்கிறது, இலக்கணத்தில் இல்லை. நீங்கள் இரண்டு சொற்களையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். நான் பல ஆண்டுகளாக மீன் வளர்ப்பவன் என்பதால் தொழில் வழக்கையும் சேர்த்துச் சொல்கிறேன். புதிதாக வந்த மீன் பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஆனாலும் அது எதையேனும் சுமந்து வந்திருக்கலாம் என்பதால் இரண்டு முதல் நான்கு வாரம் வரை தனித் தொட்டியில் விட்டு, அதற்கென்று தனி வலையும் தனிக் குழாயும் வைத்து, மற்றத் தொட்டி நீர் ஒரு சொட்டும் கலக்காமல் பார்த்துக்கொள்கிறோமே, அதுதான் குவாரன்டைன். செதிலிலும் துடுப்பிலும் உப்புக்கல் தூவியது போல வெண்புள்ளி வந்துவிட்ட மீனை மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பது ஐசொலேஷன். அந்தத் தொட்டியை வளர்ப்பவர்கள் ‘ஹாஸ்பிடல் டேங்க்’ என்பார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவர், இரண்டாம் தொட்டி மீன்களுக்கு ‘ஐசொலேட்டட்’ என்று கண்டதுமே அவற்றுக்கும் நோய் என்று முடிவு கட்டியிருப்பார்.

கரும்பலகை (பிற்பகல் 1.41)
நான் வாக்கியத்தின் எலும்பை மட்டும் பார்த்து உயிரைக் கவனிக்காமல் விட்டேன், ஒப்புக்கொள்கிறேன். மண்டபத்தான் அவர்கள் நண்பகலிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள், நாம்தாம் டைனா டீனா என்று நின்றுவிட்டோம். மருத்துவ ஆங்கிலத்திலும் இதே பிரிவினைதான்: தொற்றியிருக்குமோ என்று ஐயப்படும் நலமானவருக்கு ஒரு சொல், நோய் உறுதியானவருக்கு மற்றொரு சொல். தமிழில் இரண்டையும் தனிமைப்படுத்துதல் என்ற ஒரே பானையில் போட்டுவிட்டதால், ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது எதை எடுப்பது என்று தெரியாமல் போகிறது. அகராதிக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. 2020இல் செய்தி எழுதியவர்கள் ‘ஐயத்தின் பேரில்’ என்ற இரண்டு சொற்களைக் கூடவே சேர்த்திருந்தால் போதும்.

சொல்லாய்வன் (பிற்பகல் 1.58)
தொற்றொதுக்கம் என்ற அழகான சொல் தமிழில் இருக்கிறது. பயன்படுத்தாதது உங்கள் குற்றம்.

திண்ணை (பிற்பகல் 2.03)
அதுவும் ஒன்றுதான் ஆயிற்று. மற்றதற்கு என்ன சொல்வீர்கள்? மேலும், தொற்றை ஒதுக்குவதா, தொற்றியவரை ஒதுக்குவதா, தொற்றுமோ என்று நினைப்பவரை ஒதுக்குவதா என்பது அந்தச் சொல்லிலும் தெளிவாக இல்லை.

சுக்கான் (பிற்பகல் 2.15)
நோய்க்கே தொடர்பில்லாமலும் இந்தச் சொல் வரும் என்பதை யாரும் குறிப்பிடவில்லை. 1962 அக்டோபரில் கியூபாவுக்கு ஏவுகணை கொண்டுபோன கப்பல்களை மறிக்க முடிவெடுத்தபோது, அமெரிக்க அதிபர் கென்னடி அதைக் கடல் முற்றுகை என்று சொல்லாமல் குவாரன்டைன் என்றார். முற்றுகை என்றால் பன்னாட்டுச் சட்டப்படி போர்ச் செயலாகிவிடும். கணினியில் வைரஸ் தடுப்பு மென்பொருள் ஐயத்துக்குரிய கோப்பை அழிக்காமல் ஒதுக்கி வைப்பதற்கும் இதே சொல்தான். நாற்பது நாளை நான் விட்டுவிடுகிறேன். கப்பலை மட்டும் விட மாட்டேன்.

மாடிப்படி (பிற்பகல் 2.24)
மணி இரண்டரை ஆகப்போகிறது. கென்னடியை ஓரமாக உட்கார வைத்துவிட்டுக் கடிதத்தை முடிப்போம். என் பரிந்துரை: ‘தி நியூ ஃபிஷ் ஆர் இன் குவாரன்டைன் இன் டேங்க் டூ அண்ட் ஷோ நோ சைன்ஸ் ஆஃப் டிசீஸ். வீ குவாரன்டைன் எவ்ரி நியூ பேட்ச் பிஃபோர் வீ செல் இட். த்ரீ ஃபிஷ் வித் ஒயிட் ஸ்பாட் ஹாவ் பீன் ஐசொலேட்டட் இன் டேங்க் த்ரீ.’ எண்ணிக்கையை உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது வாக்கியம் முக்கியம். இது வழக்கமாகச் செய்வது, இப்போது வந்த வினையால் செய்வதன்று என்பதை அது காட்டிவிடும். நிகழ்காலத்தில் வினையை அப்படியே போட்டாலே ஆங்கிலத்தில் வழக்கம் என்ற பொருள் வந்துவிடும்.

கண்ணாடித்தொட்டி (பிற்பகல் 2.33)
நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும்: பத்து நாள் என்பது எந்தத் தொட்டிக்கு? புது மீன்களுக்கு என்றால் இன்னும் நான்கு நாளாவது கழியட்டும், பிறகு விற்கலாம். வெண்புள்ளி மீன்களுக்கு என்றால் பத்து நாளாகியும் புள்ளி ஏன் போகவில்லை என்று பார்க்க வேண்டும். தொட்டி நீரின் வெப்பநிலை என்ன, எந்த வகை மீன் என்று சொன்னால் உதவ முடியும்.

சொல்லாய்வன் (பிற்பகல் 2.47)
குவாரன்டீன்.

விரைவுத்தபால் (மாலை 5.20)
கடிதம் போய்விட்டது, ஏற்றுக்கொண்டுவிட்டார், முன்பணம் பற்றிய பேச்சும் நின்றுவிட்டது. தொட்டிகளில் நான் ஒட்டியிருந்த சீட்டுகளையும் கிழித்துவிட்டு இரண்டையும் மாற்றி எழுதிவிட்டேன். மூன்றாம் தொட்டியில் ஒன்று மதியம் செத்துவிட்டது. நன்றி.

கண்ணாடித்தொட்டி (மாலை 5.41)
வெப்பநிலையைச் சொல்லவில்லையே?

திண்ணை (இரவு 8.15)
எந்த மீன் என்பதையும்தான்.