வகுப்பில் சமயம் கதைக்கலாமா?

கொட்டாஞ்சேனைக்காரன்:
"அரசாங்கப் பாடசாலையில் சமயம் என்ற பேச்சே வரக்கூடாது, அது வீட்டோடு நிற்கட்டும்" என்று நேற்று இங்கே ஒரு அறிவாளி எழுதியிருந்தார். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் ஐயா? இலங்கையில் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். பௌத்தம், சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம், ஐந்துக்கும் அரசாங்கமே புத்தகம் அடித்து இலவசமாகக் கொடுக்கிறது.

வெள்ளவத்தைத் தம்பி:
அந்த அறிவாளி நான்தான். அடுத்த படியான உயர்தர வகுப்புக்குப் போகத் தாய்மொழியும் கணிதமும் சித்தியடைந்தே ஆகவேண்டும். சமயத்துக்கு அப்படி ஒரு விதி உண்டா? பிறகென்ன கட்டாயம்?

கொட்டாஞ்சேனைக்காரன்:
ஆறு பாடம் சித்தி வேண்டும். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறுகிற எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த ஆறை நிரப்புவதே சமயம்தான்.

வெள்ளவத்தைத் தம்பி:
ஆக, புள்ளி சேர்க்கத்தான் கடவுள். நன்றி.

கொட்டாஞ்சேனைக்காரன்:
பேச்சை மாற்றாதீர்கள். கட்டாயமா, இல்லையா?

தெமட்டகொடை டீச்சர்:
இரண்டு பேரும் பரீட்சையை விட்டு இறங்குங்கள். சமயப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்பு பிரியும். முப்பது பேர் சைவநெறிக்கு இருப்பார்கள். மிச்சம் நாலு பிள்ளைகளுக்கு இஸ்லாம் படிப்பிக்க ஆளில்லை என்றால், கடைசி வாங்கில் இருந்து கணக்குச் செய்வார்கள். பக்கத்தில் இருக்கிறவள் ஏன் நோன்பு பிடிக்கிறாள் என்று மற்றப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்வதில்லை.

வெள்ளவத்தைத் தம்பி:
பார்த்தீர்களா, டீச்சரும் என் பக்கம்.

தெமட்டகொடை டீச்சர்:
இல்லைத் தம்பி. எல்லோரையும் ஒன்றாக இருத்தி இன்னும் கூடக் கதைக்க வேண்டும் என்கிறேன்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
டீச்சர், அதற்குப் பிறகு வருவோம். முதலில் இவர் கட்டாயம் என்று ஒப்புக்கொள்ளட்டும். ஆடிவேல் திருவிழா ஊர்வலத்துக்கு வீதி மூடுவது பற்றிக் கதைத்தபோதும் இப்படித்தான் பாதியில் ஓடினார்.

வெள்ளவத்தைத் தம்பி:
ஓடவில்லை, வேலை இருந்தது. 1960இல் மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்ததே, அன்றைக்கே சமயத்தையும் வெளியே விட்டிருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைக்காரன்:
மிஷன் மட்டுமா? சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பள்ளிக்கூடங்களும்தான் போயின. சரித்திரம் தெரியாமல் வந்துவிடுகிறார்கள். சரித்திரமும் கட்டாயப் பாடம்தான், அதையாவது படித்தீர்களா?

வெள்ளவத்தைத் தம்பி:
எனக்குச் சரித்திரத்தில் ஏ. உங்களுக்கு?

கொட்டாஞ்சேனைக்காரன்:
என் பெறுபேறு இங்கே எதற்கு? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். சமயம் கட்டாயமா, இல்லையா?