சிறைக்குள் இருக்கும் பெற்றோர், வெளியே பிள்ளைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஆண்கள் சிறையில் பெற்றோர் வகுப்பு எடுக்கும் தன்னார்வலர் நான். முதல் நாள் எல்லோரும் கேட்பது, "இதுக்கு வந்தா தண்டனை குறையுமா?" என்றுதான். குறையாது என்றதும் சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும்.

மிச்சம் இருப்பவர்களிடம், குடும்பம் பார்க்க வரும் நேர்காணலில் பிள்ளையோடு என்ன பேசுவீர்கள் என்று கேட்பேன். "நல்லா படிக்கிறியா, அம்மா பேச்சைக் கேக்குறியா" என்பார்கள். பிள்ளை "ம்" என்று சொல்லும். அதோடு சரி. அப்புறம் பெரியவர்கள் வக்கீல், ஜாமீன் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளை கம்பியைச் சுரண்டிக்கொண்டு நிற்கும்.

அதனால் நாங்கள் உபதேசம் செய்வதில்லை, பேச்சை எப்படித் தொடங்குவது என்று பழக்குகிறோம். ஒருவர் கடிதத்தில் பாதி யானை வரைந்து, "மீதியை நீ வரைஞ்சு அனுப்பு" என்று மகனுக்கு எழுதினார். திரும்பி வந்த யானைக்கு ஆறு கால்! அடுத்த நேர்காணல் முழுக்க அதுதான் பேச்சு. கூடுதல் இரண்டு கால் வேகமாக ஓடுவதற்காம்.

இங்கிலாந்தில் 'ஸ்டோரிபுக் டேட்ஸ்' என்ற அமைப்பு 2003-இல் டார்ட்மூர் சிறையில் தொடங்கியது. அப்பா கதை சொல்வதைப் பதிவு செய்து, சிறைச் சத்தத்தையும் திக்கித் திணறுவதையும் வெட்டி, இசை சேர்த்துப் பிள்ளைக்கு அனுப்புகிறார்கள். வாசிக்கத் தெரியாதவர் வரி வரியாகக் கேட்டுத் திருப்பிச் சொன்னால் போதும்.

ஆனாலும் உள்ளே எடுக்கும் வகுப்பு பாதி வேலைதான் என்பேன். பிள்ளையைக் கூட்டிவருகிறவர் மனசு வைக்காவிட்டால் இதெல்லாம் வீண். வெளியே பிள்ளையை வளர்ப்பவர்கள் யாராவது எழுதுங்களேன்.

• • •

அக்கா பையனை நான்தான் வளர்க்கிறேன். சிறையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தால் அன்று ராத்திரி படுக்கையை நனைப்பான், தட்டைத் தள்ளிவிடுவான். "பார்த்தாதான் இவனுக்கு இப்படி ஆகுது, இனி கூட்டிப்போகாதே" என்று வீட்டில் ஒரே பேச்சு.

நல்லவேளையாக அந்தப் பெண்கள் சிறையில் வளர்ப்பவர்களுக்கும் தனியாக ஒரு கூட்டம் வைத்தார்கள். மறுபடி பிரிகிற கலக்கம்தான் இது, பார்ப்பதை நிறுத்தினால் இன்னும் பயப்படுவான் என்றார்கள். அங்கே என்னென்ன நடக்கும் என்பதை முன்னாடியே சொல்லிவிடச் சொன்னார்கள்: சோதனை போடுவார்கள், நடுவில் கண்ணாடி இருக்கும், மணி அடித்தால் கிளம்பணும். இப்போதும் அழுகிறான். ஆனால் கிளம்பும்போது தரையில் விழுந்து புரள்வதில்லை.

இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்கள். "அம்மா சட்டத்தை மீறிட்டாங்க, அதனால அங்க இருக்காங்க. அது உன்னால இல்ல." இதைச் சொன்னதும் என் முகத்தையே பார்த்தான். அவன் பென்சில் பெட்டி கேட்டு அடம்பிடித்த அன்றுதான் போலீஸ் வீட்டுக்கு வந்தது. தன்னால்தான் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அத்தனை நாளும் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறான்.

அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் எனக்கு ஆத்திரம். 2010-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, பெண் கைதிகளை நடத்துவது பற்றிய பாங்காக் விதிகளில் 28-ஆவது விதி, தாயும் பிள்ளையும் தடுப்பில்லாமல் சந்திக்க வேண்டும் என்கிறது. எங்களுக்கு இன்னும் கண்ணாடியும் போனும்தான்.

• • •

நான் உள்ளே இருந்து வந்தவன். சகோதரி சொல்வதெல்லாம் உண்மை. விடுதலைக்குப் பிறகு நடப்பதை யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் போகும்போது மகள் மடியில் உட்காரும் வயசு. வந்தபோது அறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் வயசு. எது வேண்டுமானாலும் பாட்டியிடம்தான் கேட்பாள், நான் பக்கத்திலேயே இருந்தாலும். "ஆரம்பத்தில் கண்டிக்கிற வேலையை வளர்த்தவங்ககிட்டயே விடுங்க, தினமும் ஒரே ஒரு வேலையை மட்டும் நீங்க எடுத்துக்குங்க" என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கசப்பாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் விட்டுவருவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்து பேசச் சொன்னால் வாயே திறக்காதவள், பக்கத்தில் நடந்து வரும்போது தானாகப் பேசுகிறாள்.

தன்னார்வலருக்கு ஒரு கேள்வி. விடுதலைக்கு முன்னால் நடக்கும் வகுப்பில் பாட்டி தாத்தாவையும் உட்கார வைக்க முடியுமா? என் அம்மாவிடம் யாருமே எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் வளர்த்த பிள்ளையை நான் பறித்துக்கொண்டு போய்விடுவேன் என்று அவர் பயந்துகொண்டே இருந்தார்.